கத்தி எடாத கை

கண் மருத்துவர் ஒருவரின் பெருமை யாதென வினவினால், அவர் எத்துணைக் கண்களுக்குச் சிகிச்சை செய்தார் என எண்ணிக் கூறுவதே உலக வழக்கு. பார்வைக் குறையைச் சத்திர சிகிச்சையால் திருத்துவதையே தொழிலாகக் கொண்டாருக்கு இவ்வளவுகோல் போதாது என்பது என் துணிபு. எத்துணைப் பேரைத் தொடாது திருப்பி அனுப்பினார் என்பதையும் உடன் எண்ணல் வேண்டும்.

காரணம் வெளிப்படை. புரை விழுந்த கண்ணைத் தொடும் மருத்துவர் நோயுற்ற கண்ணைத் தொடுகின்றார். வாளாவிருப்பின் அக்கண் இருளும். கிட்டப்பார்வையைத் திருத்துவோரோ, மூக்குக்கண்ணாடி அணிந்தால் நன்கு காணும் கண்ணைத் தொடுகின்றார். நலமுள்ள உறுப்பில் கை வைப்பார்க்கு ஏனையோரினும் மிகுந்த எச்சரிக்கை வேண்டுமன்றோ?

இத்துறையின் வரலாறும் இதனையே அறிவுறுத்துகின்றது. ஜப்பானிய மருத்துவர் சாட்டோ, 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கருவிழியின் உட்புறத்தே கீறல்கள் இட்டுக் கிட்டப்பார்வையைத் திருத்தினார். கருவிழியைத் தெளிவாக வைத்திருப்பது அதன் உட்புற உயிரணு அடுக்கே என்பது அக்காலத்தில் நன்கு விளங்கவில்லை. ஆண்டுகள் பல கழிந்தபின் அக்கண்களிற் பல வீங்கி மங்கின. 1970-களில் மாஸ்கோவில் பியோதரோவ் என்பார் வெளிப்புறத்தே கீறும் முறையை வளர்த்தார். அமெரிக்காவில் அம்முறையைப் பத்தாண்டு தொடர்ந்து ஆராய்ந்தோர் 1994-இல் வெளியிட்ட முடிவின்படி, நூற்றுக்கு 43 கண்கள் ஒரு டயாப்டரோ அதற்கு மேலோ தூரப்பார்வையை நோக்கி நகர்ந்திருந்தன. இதற்கிடையே 1981-இல், சென்னைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற ரங்கசாமி சீனிவாசன் அமெரிக்காவில் தம் தோழர் இருவருடன் ஆராய்ந்து, எக்ஸைமர் லேசர் தசையைக் கருக்காது நுண்ணளவில் அகற்றும் எனக் கண்டார். இன்றைய முறைக்கு அதுவே வித்து. கத்தியினிடத்தில் ஒளி வந்தது. ஆயினும் எச்சரிக்கைக்கு ஓய்வு வந்திலது. கருவிழியின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டரே. இயல்பாகவே மெலிந்த கருவிழியை மேலும் குறைத்தால் அது வலுவிழந்து கூம்பாகப் பிதுங்கவும் கூடும்.

என் தமக்கைக்கு மணம் பேச வந்தோர் இருமுறை அவளது மூக்குக்கண்ணாடியைக் குறையெனச் சொல்லிச் சென்றனர். என் தாயார் வளையல்களை அடகு வைத்துப் பொருள் திரட்டி, அவளை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். நானும் உடன் சென்றேன். அவர் கருவிழியின் கனத்தையும் வடிவையும் அளந்து பார்த்து, "அம்மா, இந்தக் கண்ணுக்கு இது ஆகாது, கண்ணாடியே போதும்" என்றார். தாயார் மன்றாடியும் அவர் இணங்கினாரிலர். அன்று அவரை இரக்கமற்றவர் என வெறுத்தேன். ஒரு நாளின் ஊதியத்தைத் தாமே விலக்கி என் தமக்கையின் கண்ணைக் காத்தார் என்பது பின்னரே எனக்கு விளங்கிற்று.

இத்தொழிலை அழகுப் பித்துக்குத் துணைபோவது என்று இகழ்வாரோடும் நான் உடன்படேன். இரு கண்களின் குறையும் பெரிதும் வேறுபட்டுக் கண்ணாடி ஒத்துவராதார்க்கும், தொழிலின் பொருட்டுக் கண்ணாடி அணியவொண்ணாதார்க்கும் அது பெருநன்மையே. தக்கார்க்குச் செய்தலும் தகாதார்க்கு மறுத்தலும் ஒரே கலையின் இரு பகுதிகள்.

ஆயின் மறுக்கும் துணிவு மருத்துவரிடம் இருந்தால் மட்டும் போதுமா? மறுக்கப்பட்ட பெண் தலைநிமிர்ந்து வாழ இடமும் வேண்டும். அதனை நல்க வேண்டியவர் மருத்துவர் அல்லர். பட்டம் பெற்று நாளை பெண் பார்க்கப் புறப்படும் நாமே. என் தமக்கை இன்று ஒரு பள்ளியிற் பாடம் சொல்கின்றாள். அக்கண்ணாடியின் வழியே கடைசி வரிசைப் பிள்ளையின் முகமும் அவளுக்குத் தெளிவாகவே தெரிகின்றது.