கோலமும் கணிப்பொறியும்

கல்வி என்பது கண்ணும் கையும் கருத்தும் ஒருங்கே தொழிற்படும் பயிற்சியாகும். இம்மூன்றனுள் ஒன்றை விலக்கி ஏனையவற்றை வளர்க்க முயலுதல், முக்காலியின் ஒரு காலை முறித்துவிட்டு அதன்மேல் அமர முயலுதலை ஒக்கும். இதனை மறுப்பார் இலர். ஆயினும் தொடக்கப்பள்ளிகள் பலவற்றில் நிகழ்வது யாது? கணக்கிற்கு ஒரு மணி, தமிழுக்கு ஒரு மணி, அறிவியலுக்கு ஒரு மணி, கணிப்பொறிக்கு ஒரு மணி; இவை யாவும் போக எஞ்சிய பொழுது ஓவியத்திற்கு. தேர்வு நெருங்குமாயின் அப்பொழுதையும் கணக்கே கவர்ந்துகொள்ளும். கலையைப் பிற பாடங்களோடு இணைத்துக் கற்பித்தல் வேண்டும் என்னும் கொள்கை இப்பொழுது பெரிதும் பேசப்படுதலின், அதுபற்றி எம் கருத்தினை இவ்விதழில் எடுத்துரைக்கத் துணிந்தோம்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, கலையின் வாயிலாகவே ஏனைய பாடங்களைப் பயிற்றுக என்று கூறிற்று. அவ்வாண்டே சி.பி.எஸ்.இ. வாரியம் முதல் வகுப்புத் தொட்டுப் பத்தாம் வகுப்பு வரை கலையோடு இணைந்த செயல்திட்டங்களைக் கட்டாயமாக்கிற்று. நம் புதுவையில் அரசுப் பள்ளிகளின் உயர்வகுப்புகளும் 2023-24ஆம் கல்வியாண்டு முதல் அவ்வாரியத்தின் பாடத்திட்டத்திற்கு மாறத் தொடங்கினமையின், இது நம் இல்லந்தோறும் நுழைந்த செய்தியாயிற்று.

கொள்கை நன்று, ஆனால் அது நடைபெறும் வகை நன்றன்று. எழுதுபொருட் கடையில் வண்ண அட்டையும் மினுமினுப்புத் தாளும் வாங்கப்படுகின்றன. தந்தை படங்களை அச்சிட்டுக் கொணர்கின்றார், தாய் இரவு பத்து மணிக்குக் கத்தரிக்கின்றார், பிள்ளையோ உறங்குகின்றது. காலையில் அவ்வட்டையைச் சுமந்து செல்வதொன்றே பிள்ளையின் பங்கு. இதனைக் கலை என்றல் தகுமோ? பாடத்தின்மேற் கலையை ஒட்டுதல் வேறு. கலைக்குள்ளே உறையும் பாடத்தைக் காணுதல் வேறு. பின்னதே வேண்டுவது என்பது எம் துணிபு. அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதின்று; வேண்டுவன பல நம் வாயிலிலேயே உள.

நாள்தோறும் தெருவிற் காணும் கோலத்தையே எடுத்துக்கொள்வோம். நடுவில் ஏழு நேர்ப்புள்ளி வைத்து, மேலும் கீழும் ஐந்து, மூன்று, ஒன்று எனக் குறைத்து வருக. பிள்ளைகள் எண்ணிப் பார்த்து 25 புள்ளிகள் என்பர். ஐந்து வரிசையில் ஐந்தைந்தாக வைத்த சதுரக் கோலத்திலும் 25 புள்ளிகளே உள. உருவம் வேறாகவும் தொகை ஒன்றானது எங்ஙனம்? முதற்கோலத்தில் மேலிருந்து நடுவரிசை வரை 1, 3, 5, 7 ஆகியவற்றைக் கூட்டின் 16, அது நந்நான்கு. கீழே எஞ்சிய 5, 3, 1 ஆகியவற்றைக் கூட்டின் 9, அது மும்மூன்று. இரண்டும் சேரின் 25, அது ஐயைந்து. ஒன்று முதலாக ஒற்றைப்படை எண்களை முறையே கூட்டி வரின் வர்க்க எண்கள் பிறக்கும் என்னும் விதியைக் குழந்தை தன் விரல் நுனியாற் கண்டறிகின்றது. பின்னாளில் செங்கோண முக்கோணத்தைப் பற்றிப் பயிலுங்கால் 3, 4, 5 என்னும் எண்கள் எதிர்ப்படும்போது, அவை அதற்குப் பழைய நண்பர்களாகவே தோன்றும்.

இனிக் கம்பிக் கோலத்திற்கு வருவோம். எடுத்த கோடு புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிவது அது. ஒரு பிள்ளை சொல்ல, மற்றொரு பிள்ளை சுண்ணக்கட்டியால் தரையில் வரையட்டும். "முன்னே செல், புள்ளியை வலமாகச் சுற்று, அடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே நுழை, இதனை நான்கு முறை செய்" என்று ஏவல் பிறக்கும். கோடு தவறிப் போயின், தவறியது வரைந்த கையா, சொன்ன சொல்லா என்று இருவரும் ஆராய்வர். கணிப்பொறிக்கு நிரல் எழுதுவார் செய்யும் தொழிலும் இதுவேயன்றோ? 1967இல் அமெரிக்காவில் சீமோர் பாப்பர்ட் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் சிறுவர்க்கென லோகோ என்னும் கணிப்பொறி மொழியை ஆக்கினர். அதில் ‘ஆமை’ ஒன்றை ஏவி உருவங்களை வரையச் செய்வது பின்னர் உலகெங்கும் புகழ்பெற்றது. நம் பாட்டிமார் ஆமையின் துணையின்றியே அதனை வாயிலிற் செய்து வந்தனர். தரையில் ஏவலும் பிழைதிருத்தமும் பழகிய பிள்ளைக்குக் கணிப்பொறியின் முன் அமரும் நாளில் அச்சம் இராது. பொறி வந்து சேரும் வரை பாடமும் காத்திருக்க வேண்டுவதில்லை.

இஃது எம் கற்பனையன்று. 1974ஆம் ஆண்டிலேயே தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களை விதிகளால் ஆக்கிக் காட்டும் ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் கணிப்பொறி வரைவியல் பற்றிய உலக ஆய்விதழில் வெளியிட்டனர். அவ்விதிகளின் தொகுதிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘இலக்கணம்’ என்பதே. தமிழ் பயிலும் எமக்கு இச்செய்தி பெருமகிழ்ச்சி அளிப்பதாகும். எழுத்துச் சேர்ந்து சொல்லாகிச் சொல் சேர்ந்து தொடராதல் போலப் புள்ளியும் வளைவும் சேர்ந்து கோலமாகின்றன. ஆகவே இலக்கண ஆசிரியரும் கணக்காசிரியரும் ஒரே கோலத்தின் இருபுறத்தும் நின்று பாடம் சொல்லலாம்.

கோலத்திற்குக் கூறியது மண்ணிற்கும் பொருந்தும். நம் நகரையடுத்த வில்லியனூர்ச் சுடுமண் சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. அவ்வூர்க் கலைஞர் வி.கே.முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ விருதிற்கு அறிவிக்கப்பட்டார். பச்சைக் களிமண் பலகையில் 10 செ.மீ. நீளக் கோடொன்று கீறி உலர வைத்து அளந்தால், கோடு குறுகியிருக்கக் காணலாம். நீர் ஆவியாயிற்று என்னும் அறிவியலும், எவ்வளவு குறைந்தது என்னும் கணக்கும் அங்கே உள. ஆசிரியர் தம் கைபேசியால் நாள்தோறும் ஒரே இடத்தினின்று படம் பிடித்து விரைந்து ஓட்டிக் காட்டின், பல நாள் நிகழ்ச்சியைப் பிள்ளைகள் ஒரு நொடியிற் காண்பர். உலர்ந்த மண் நீரிற் கரையும். சுட்ட மண் கரையாது. கரையாமையால் அன்றோ, 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது உரோம நாட்டு இருகைச் சாடிகளின் ஓடுகள் இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் கிடைத்தன! இவ்வாறு ஒரு பிடி மண்ணில் அறிவியல், கணக்கு, வரலாறு மூன்றும் கூடுகின்றன.

இங்கே ஒரு தடை எழும். அதனை எளிதாகத் தள்ளுதல் கூடாது. 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் எனத் திட்டம் வகுத்தது. குலக்கல்வி என்று அதனை எதிர்த்து மக்கள் கிளர்ந்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரான பின் அது கைவிடப்பட்டது. ஆகவே மண்ணும் கைத்தொழிலும் பள்ளிக்குள் வருகின்றன எனின், தமிழ் மக்கள் ஐயுறுவது முறையே. எம் விடை இது: குயவர் மகனை மண்ணிற்கும் எழுத்தர் மகனைக் கணிப்பொறிக்கும் பிரித்தனுப்பும் கல்வி கொடிது. இருவரும் மண்ணைப் பிசைக; இருவரும் நிரல் எழுதுக. ஒருவர்க்கு ஒன்று என்னும் வேலியை உடைப்பதே கலையை இணைத்தலின் பயன். வேலியை உயர்த்துமாயின் அதனை முதலில் எதிர்ப்பவர் யாமேயாவோம்.

கோலம் பெண்மக்களுக்கே உரியது என்று நகைப்பாரும், ஒரு சமயத்தார்க்கே உரியது என்று விலகுவாரும் உளர். ஆண்பிள்ளை கோலமிட்டால் அவனுக்குக் குறைவதொன்றுமில்லை, கணக்கு மிகும். கிறித்தவராகிய எம்மவர் இல்லங்கள் சிலவற்றின் வாயிலிலும் கிறிஸ்து பிறப்பு நாளில் விண்மீன் கோலம் விளங்கும். பள்ளிவாசற் சாளரங்களின் பின்னல் வடிவங்களும், பிரெஞ்சு வீடுகளின் வளைவு வாயில்களும், குறுக்கும் நெடுக்கும் நேராக ஓடும் நம் நகர வீதிகளும் அவ்வடிவக் கணிதத்தையே கற்பிப்பன. புள்ளியும் கோடும் எல்லார்க்கும் பொது.

‘நேரம் எங்கே?’ என்பர் ஆசிரியர். அவர்தம் சுமையை யாம் அறியாதவரல்லேம். ஒன்றை இரண்டு முறை கற்பிப்பதினும் இரண்டை ஒருமுறையிற் கற்பித்தல் நேரத்தை மிகுவிக்கும் என்பதே எம் விடை. பாவேந்தர் பாரதிதாசன் 1909 முதல் 1946 வரை பிரெஞ்சிந்தியப் பள்ளிகளில் தமிழாசிரியராக விளங்கினார். சிறுவர்க்கெனப் பாடல்களும் இயற்றினார். கலையும் கற்பித்தலும் ஒருவரிடத்தே பகையின்றி வாழும் என்பதற்கு இந்நகரே சான்று.

எனவே மூன்று வேண்டுகோள்களைப் பெரியோர்முன் வைக்கின்றோம். கலைச் செயல்திட்டங்கள் வீட்டிற்கு அனுப்பப்படாமல் வகுப்பறையிலேயே பிள்ளைகள் கையால் நிறைவேறுக. கோலமிட வல்ல தாய்மாரும், வில்லியனூர்க் கலைஞரும், காகிதக்கூழ்ப் பொம்மை செய்யும் திருக்கனூர்க் கைவினைஞரும் உரிய ஊதியத்தோடு பள்ளிக்கு அழைக்கப்படுக. செய்பொருளின் பளபளப்பிற்கன்றி, ‘இதனை எவ்வாறு செய்தாய்?’ என்னும் வினாவிற்குப் பிள்ளை கூறும் விடைக்கு மதிப்பெண் வழங்கப்படுக.

எம் கல்லூரித் தோழருட் பலர் நாளை ஆசிரியராக அமரப் போகின்றவர். அவர் கையிற் சுண்ணக்கட்டி ஏறும் நாளில், கரும்பலகையோடு தரையையும் நினைவிற் கொள்வாராக.