பறவை இருக்கிறது, குஞ்சு பொரிக்கிறதா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

வால்பாறைக்குச் சுற்றுலா போன நம் பழைய மாணவர் ஒருவர் இருவாச்சிப் பறவையைப் படம் எடுத்து நம் குழுவில் போட்டிருந்தார். தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் மர உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. அருமையான படம். கூடவே, "காடு அழியுதுன்னு சும்மா சொல்றாங்க, பறவையெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்" என்று ஒரு வரி. அதற்கு ஐம்பது லைக்! ஐம்பது பேர் ஒப்புக்கொண்ட பிறகு தனியாகப் பதில் எழுதிப் பயனில்லை.

பறவையைப் பார்த்தால் அது உயிரோடு இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். இருவாச்சிக்கு ஆயுள் அதிகம். உயிரியல் பூங்காக்களில் 40 வயதைத் தாண்டியவை உண்டு. கூடு வைக்க இடமே கிடைக்காத ஜோடியும் பல வருடம் நம் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருக்கும். வாத்தியார்கள் எல்லாரும் இருக்கிறார்கள், ஒன்றாம் வகுப்பில் மட்டும் அட்மிஷன் இல்லை என்றால் அந்தப் பள்ளிக்கூடம் நன்றாக நடக்கிறது என்போமா?

இருவாச்சிக்கு மரத்தில் பொந்து குடையத் தெரியாது. பெரிய கிளை முறிந்து, அந்த இடம் உளுத்து, தானாக விழுந்த பொந்துதான் வேண்டும். பெட்டை அதற்குள் போய், தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். உள்ளேயே சிறகுகளை உதிர்த்துவிடுவதால் நினைத்தாலும் பறக்க முடியாது. முட்டை ஒன்று அல்லது இரண்டு. அடைகாக்கவே 40 நாள் ஆகும். பெரும்பாலும் ஒரே ஒரு குஞ்சுதான் பறந்து வெளியே வரும். அதுவரை மூன்று நான்கு மாதம் ஆண் பறவை அத்திப்பழமும் மற்றக் காட்டுப் பழங்களும் தொண்டையில் அடக்கிக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக எடுத்து ஊட்ட வேண்டும். (மாமியார் வீட்டுப் பலகாரம் ஒரு வாரம் சுமந்ததற்கே அலுத்துக்கொள்ளும் மாப்பிள்ளைகள் கவனிக்கவும்.)

இப்போது காட்டை நடுநடுவே வெட்டிப் பாருங்கள். ஆனைமலையில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அதுதான் நடந்தது. தேயிலைக்கு நடுவே சோலைக்காடு திட்டுத்திட்டாக நிற்கிறது. பழமரங்களுக்கு இடையே தூரம் கூடினால் ஆண் பறவை ஒரு நாளில் வரும் நடை குறையும். அது திரும்பாவிட்டால் உள்ளே இருக்கும் இரண்டு உயிரும் பட்டினிதான். சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். அதில் இருவாச்சி தின்னப் பழம் கிடையாது. உட்காரலாம், அவ்வளவே.

பழமரத்தையாவது நட்டு வளர்க்கலாம். வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காரர்கள் இருபது வருடத்துக்கும் மேலாக அந்தந்தக் காட்டு மரங்களையே நட்டு வருகிறார்கள். அதை நான் மதிக்கிறேன். பொந்தை எப்படி நடுவது? இருவாச்சி நுழையும் அளவுக்குப் பொந்து விழ மரத்துக்கு நூறு வயதாவது ஆக வேண்டும். தாய்லாந்தில் பிலாய் பூன்ஸ்வாட் அம்மையாரின் குழுவினர் பழுதான பொந்துகளைச் செப்பனிட்டுக் கொடுத்தும், செயற்கைக் கூடுகள் மாட்டியும் பலன் கண்டிருக்கிறார்கள். நல்ல வேலை. இருக்கிற மரத்தை விட்டுவைப்பது அதைவிடச் சுலபம், செலவும் இல்லை.

ஆகவே "ஒன்று வெட்டினால் பத்து நடுவோம்" என்ற கணக்கை நான் ஏற்கமாட்டேன். அந்தப் பத்துக் கன்றும் பொந்து தருவதற்குள் மூன்று தலைமுறை போய்விடும்.

உங்களில் சிலர் எஸ்டேட்டில் சூப்பர்வைசராக, ரைட்டராக இருக்கிறீர்கள். சிலருக்குச் சொந்தக் காப்பித் தோட்டமே உண்டு. நாட்டு மரங்களை நிழலுக்கு விட்டுவைத்த காப்பித் தோட்டங்களில், பக்கத்தில் காடும் இருந்தால், இருவாச்சி கூடு வைக்கிறது. பொந்து விழுந்த மரம் பலகைக்கு ஆகாது என்று முதலில் அதைத்தான் விறகுக்கு விடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஜனவரி முதல் மே வரை எந்தப் பெரிய மரத்துக்கும் குறி போடும் முன் அடியில் பாருங்கள். காட்டுப் பழக்கொட்டைகள் குவிந்து, எச்சம் சிதறி, அந்தக் கொட்டைகளே முளைவிட்டிருந்தால் மேலே குடும்பம் இருக்கிறது. அங்கே நிற்காமல் உடனே தள்ளிப் போய்விடுங்கள். ஆள் நின்றால் ஆண் பறவை கிட்டே வரத் தயங்கும். சீசன் முடிந்த பிறகும் அந்த மரத்தை வெட்டாதீர்கள். அடுத்த வருடமும் அதே பொந்துக்குத்தான் வரும்.