வடசென்னையின் அத்தோ

வண்ணாரப்பேட்டைக்கு ஜவுளி எடுக்க வருகிறவர்கள் ஏராளம். கலியாண சீசனில் எம்.சி. ரோட்டில் கால் வைக்க இடம் கிடைக்காது. கும்பினியார் காலத்தில் ஏற்றுமதித் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்ததால் பேர் பெற்ற பேட்டை அது. இன்றைக்கும் துணியை விட்டபாடில்லை. சாப்பிடுவதற்கென்றே வடசென்னைக்குப் போகிறவர்களும் உண்டு என்பதுதான் தெற்கே வசிக்கும் பலர் அறியாத சமாசாரம்.

அந்திக்கு மேல் தள்ளுவண்டிகளில் குவிந்திருக்கும் தடித்த, செம்மஞ்சள் நிற நூடுல்ஸுக்கு அத்தோ என்று பெயர். கையால் பிசைந்து கலப்பது என்ற பொருளுள்ள பர்மியச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. பெயருக்கேற்றபடி, நறுக்கிய கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளித் தண்ணீர், மிளகாய்த் தூள், நொறுக்கிய பேஜோ எல்லாவற்றையும் கடைக்காரர் கையாலேயே பிசைந்து தருகிறார். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். பர்மாவில் மொஹிங்கா எனப்படும் மீன் குழம்பின் தம்பி இது; கடல் கடந்து வந்ததும் பல கடைகளில் மீனைத் துறந்துவிட்டது! அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயமும் பூண்டும் திணித்துக் கொடுப்பது மற்றொரு விசேஷம்.

இந்தப் பதார்த்தம் இங்கே வந்த கதை ருசியானதல்ல. 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் பர்மாவில் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-ல் கடைகள் தேசியமயமாக்கப்பட்டன. அவ்வருஷமே ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளும் செல்லாதவையாயின. தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்த தமிழர்கள், சொத்துகளை விட்டுவிட்டுக் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். வியாசர்பாடி முதலிய இடங்களில் குடியேறினார்கள். அவர்கள் பிழைப்புக்காக 1969-ல் கடற்கரை ஸ்டேஷன் அருகே பர்மா பஜார் ஏற்பட்டது. அதை அடுத்த செகண்ட் லைன் பீச் தெரு இன்றும் அத்தோவுக்குப் பேர்போனது. திரும்பிப் போக முயன்ற சிலர் எல்லையில் தடைப்பட்டு மணிப்பூரின் மோரே ஊரிலேயே தங்கிவிட்டது தனிக் கதை.

இப்போது கவனிக்க வேண்டியது வேறொன்று. தெரு வியாபாரிகளைப் பாதுகாக்க 2014-ல் மத்திய சர்க்கார் இயற்றிய சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் ஒரு விதி இருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும். அங்குள்ள வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது. பர்மா பஜாருக்கு 2019-லேயே அரைநூற்றாண்டு நிறைந்துவிட்டது. அதன் நிழலில் வளர்ந்த உணவுக் கடைகளின் வயதையும் கணக்கெடுப்பதுதான் முறை. ஆனால் தள்ளுவண்டிக்காரர் ஐம்பது வருஷத்து ரசீதுக்கு எங்கே போவார்? அக்கம்பக்கத்து முதியவர்களின் வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்பது நியாயம். சாலையைச் செப்பனிட வேலை தொடங்கினால் முதலில் நகரச் சொல்வது தள்ளுவண்டியைத்தானே!

வெளியூர்ப் பிரயாணிகளுக்கு வழி சுலபம். 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரை மெட்ரோ ரயில் வந்துவிட்டது. மண்ணடி அடுத்த ஸ்டேஷன். பகலிலேயே வந்துவிட்டால், 1856-ல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தைப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் அத்தோவுக்குப் போகலாம். கையால் பிசைவதைக் கண்டு முகம் சுளிக்கிறவர்கள் சூப்போடு நிறுத்திக்கொள்ளட்டும்.