பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையை உடைக்காதீங்க!

1/ கொல்லிமலை குண்டனி நாட்டுலேர்ந்து ஒரு அண்ணன் பிபி மாத்திரை வாங்க வந்தார். வீட்டு மராமத்து வேலையை மொபைல்ல காட்டினார். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கடப்பாரையால உடைச்சுத் தள்ளுறாங்க. கொத்தனார் தலை முழுக்க வெள்ளைப் பொடி. கீழே ரெண்டு குழந்தைங்க துண்டு பொறுக்கி விளையாடுது. அவர் பிபியை விட அந்த போட்டோதான் என்னை பயமுறுத்துச்சு.

2/ "இதுக்குக் கீழதானே டாக்டர் 25 வருஷம் தூங்கினோம், என்ன ஆயிடுச்சு?"ன்னார். நியாயமான கேள்வி. உடையாத ஷீட்டுல கல்நார் இழைகள் சிமெண்ட்டுக்குள்ள சிக்கிக் கிடக்கும். உடைச்சா, அறுத்தா, டிரில் போட்டா காத்துல கலக்கும். ஆபத்து அங்கதான்.

3/ கண்ணுக்கே தெரியாத அந்த இழை நுரையீரலுக்குள்ள போனா கரையாது. ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், மீசோதீலியோமா வரலாம். அதுவும் 20, 30, 40 வருஷம் கழிச்சு! இன்னைக்கு இருமல் இல்லைங்கிறதால தப்பிச்சோம்னு அர்த்தம் இல்லை. பீடி, சிகரெட் பழக்கமும் இருந்தா நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு.

4/ "வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் ஒண்ணும் பண்ணாது"ன்னு சொல்ற வியாபாரிகளுக்கு: எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனம் தெளிவா சொல்லியிருக்கு. ஆஸ்திரேலியா 2003 கடைசியிலேயே முழுசா தடை பண்ணிடுச்சு.

5/ நாம? வெட்டியெடுக்க புது அனுமதி தர்றதை நிறுத்திட்டு, வெளிநாட்டுலேர்ந்து கப்பல்ல இறக்கிக்கிட்டு இருக்கோம். 1995-ல உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களோட உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 வருஷம் வைக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. ஆலைத் தொழிலாளிக்குப் பதிவேடு. கூரை பிரிக்கிற கொத்தனாருக்கு? ஒரு மாஸ்க் கூட இல்லை.

6/ இலங்கை தடை பண்ணப் பார்த்துச்சு. 2017 டிசம்பர்ல ரஷ்யா, தேயிலைப் பெட்டியில வண்டு இருந்துச்சுன்னு சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்துச்சு. உடனே ஆஸ்பெஸ்டாஸ் கட்டுப்பாடு தள்ளிப்போச்சு, தேயிலையும் போக ஆரம்பிச்சுது. வண்டா காரணம்? நீங்களே முடிவு பண்ணுங்க.

7/ சரி, வீட்டுக்காரர் என்ன பண்ணணும்?
ஷீட் விரிசல் இல்லாம உறுதியா இருந்தா, தொடாம விட்டுட்டு கீழே பிவிசி சீலிங் போடலாம். ஃபிரேமை சுவர்லயோ மரச் சட்டத்துலயோ மாட்டுங்க, ஷீட்டுல துளை போடாதீங்க. பெயிண்ட் அடிக்கறதுக்காகக் கம்பி பிரஷ் வெச்சுப் பாசியைச் சுரண்டாதீங்க. மலை மழையில பாசி பிடிக்கத்தான் செய்யும்.

8/ ஷீட் நொறுங்குது, ஒழுகுதுன்னா மூடி மறைக்காதீங்க. கழட்டித்தான் ஆகணும்.
• குழந்தைங்க, கர்ப்பிணிங்க அன்னைக்கு அந்தப் பக்கமே வேண்டாம்
• தண்ணி தெளிச்சு நனைச்சுக்கிட்டே, போல்ட்டைக் கழட்டி முழு ஷீட்டா இறக்கணும். நனைஞ்ச ஷீட் வழுக்கும், மேல ஏறி நிக்கக் கூடாது
• கட்டிங் மெஷின் வேண்டாம்
• கைக்குட்டை போதாது. பி100 மாஸ்க் நல்லது, கிடைக்கலைன்னா குறைஞ்சது இறுக்கமான என்95
• விளக்குமாறு போட்டுப் பெருக்காம ஈரத்துணியால துடைங்க
• தடிமனான பாலித்தீன்ல சுத்திக் கட்டுங்க. கோழிக்கூண்டுக்கோ பாதையில பள்ளம் நிரப்பவோ வேண்டாம்

9/ "செலவாகுமே டாக்டர்?" ஆமா, கூட அரை நாள் கூலி. ஆனா கட்டி வெச்ச ஷீட்டை எங்க கொண்டு போய்ப் போடறது? அதை அந்த அண்ணன்கிட்ட கேட்கக் கூடாது, அரசாங்கத்துக்கிட்டதான் கேட்கணும். இறக்குமதிக்கு வழி வெச்சவங்க, ஒவ்வொரு ஊராட்சியிலயும் சேகரிக்க ஒரு இடம் வைக்க முடியாதா?

10/ 70 கொண்டை ஊசி வளைவு ஏறி உடையாம வந்த ஷீட் அது. பத்தடி கீழ இறக்கறப்ப மட்டும் ஏன் உடைக்கிறோம்?

உங்க கொத்தனாருக்கு இதை அனுப்புங்க. முதல்ல மூச்சுல இழுக்கிறது அவர்தான்.