இருதயத்தின் வால்வும் மூன்று வார ஊசியும்

இருதயம் ஒரு பம்பு என்று பாடநூல்கள் கூறுகின்றன. கூற்று சரியானதே, ஆயினும் பம்பின் ஆற்றல் அதன் விசையில் மட்டுமின்றி, அதன் ஒருவழிக் கதவுகளிலும் இருக்கிறது. தசை எவ்வளவு வலுவாகச் சுருங்கினாலும், கதவு உரிய வேளையில் திறந்து மூடாவிடில் இரத்தம் முறையாக முன்னேறாது. இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்பதை 1628-ல் வில்லியம் ஹார்வி நிலைநாட்டியபோது, இருதயத்திலும் சிரைகளிலும் உள்ள இக்கதவுகளே அவருக்குப் பெருஞ்சான்றாய் நின்றன.

இருதயத்தின் நான்கு வால்வுகளுள் இந்தியாவின் ஏழைக் குடும்பங்களை மிகுதியும் வாட்டியது மைட்ரல் வால்வாகும். இடப்புற மேலறைக்கும் கீழறைக்கும் இடையே இரண்டு இதழ்களுடன் அமைந்த இவ்வாயில், வளர்ந்தவர்களிடம் முழுதும் திறக்கும்போது 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் பரப்புடையது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை இது திறந்து மூடுகிறது. இத்தகைய உறுப்பைக் கெடுப்பது ஒரு தொண்டைப் புண் என்றால் கேட்போர் எளிதில் நம்பார். 5 முதல் 15 வயது வரையுள்ள சிறாரின் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி தங்கினால், அதை எதிர்க்க உடல் ஆக்கும் பொருள்கள் சிலரிடம் இருதயத் திசுக்களையும் பகையெனக் கருதித் தாக்கிவிடுகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் காய்ச்சலும், மூட்டுக்கு மூட்டு தாவும் வலியும் தோன்றும். வலி மறைந்துவிடும், வால்வில் ஏற்பட்ட வடு மறைவதில்லை. மீண்டும் மீண்டும் கீல்வாதக் காய்ச்சல் வர, இதழ்கள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இக்கேடு பல பெண்களிடம் முதன்முதலாக வெளிப்படுவது கருவுற்ற காலத்தில்தான். அப்போது உடலிலுள்ள இரத்தத்தின் அளவு பாதியளவு வரை மிகுகிறது, துடிப்பும் விரைவுறுகிறது. துடிப்பு விரைந்தால் கீழறை நிரம்புவதற்குரிய நேரமே முதலில் குறையும். குறுகிய வாயில், மிகுந்த இரத்தம், குறைந்த நேரம் ஆகிய மூன்றும் கூடும்போது இரத்தம் மேலறையில் தேங்கி, அழுத்தம் நுரையீரலை எட்டி, அங்கு நீர் கசிகிறது. சிறுவயது மூட்டுவலியை யாரும் நினைவிற்கொள்ளாத ஒரு வீட்டில், தாய் மூச்சுக்குத் திணறி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறாள்.

பழுதுற்ற வால்வைச் செப்பனிடுவதில் இந்நாடு பெருமைப்படத்தக்க திறமை பெற்றுள்ளது. டாக்டர் வலியத்தான் தலைமையில் திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவான செயற்கை வால்வு, 1990-ல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. ஒட்டிய இதழ்களைச் சிரை வழியே செலுத்தும் பலூனால் பிரிக்கவும் முடிகிறது. எனினும் செயற்கை வால்வு பூண்டவர் இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மருந்துண்ண வேண்டும். அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் வேண்டும். கிராமத்துக் கூலித் தொழிலாளிக்கு இஃது எளிய காரியமன்று.

வடு முற்றுவதைத் தடுக்கும் மருந்தோ 1950-களிலிருந்தே உள்ளது. ஒருமுறை கீல்வாதக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்ஸதின் பெனிஸிலின் ஊசி போட்டுவந்தால் அது திரும்ப வருவது பெரும்பாலும் தடைப்படும். தொண்டைப் புண் கண்ட எல்லோருக்கும் பெனிஸிலின் தருவதே வழி என்று சிலர் வாதிப்பர். தொண்டைப் புண்களில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. அவற்றுக்கு அம்மருந்து பயனற்றது. ஆதலால் முதல் கவனம் நோய் கண்டறியப்பட்ட பிள்ளைகளின்மேல் செல்வதே தக்கது.

அங்கேதான் குறை இருக்கிறது. விலை மலிவான மருந்தில் இலாபம் சொற்பமாதலின் உற்பத்தியாளர்க்கு ஊக்கமில்லை, தட்டுப்பாடு நேர்கிறது. ஒவ்வாமைக்கு அஞ்சி ஊசி போடத் தயங்கும் மருத்துவரும் உளர். கடும் ஒவ்வாமை மிக அரிது. அதற்குரிய மாற்று மருந்தை அருகே வைத்துக்கொண்டு ஊசி போடுவதற்கு ஆரம்ப சுகாதார நிலையமே போதும். தடுப்பூசிக்கு நாள் குறித்து வீடு தேடிச் செல்லும் சுகாதாரப் பணியாளர், இச்சிறாரின் பெயரையும் தம் பதிவேட்டில் சேர்த்துக்கொள்வது இயலாததன்று. இருதயம் பாதிக்கப்பட்டவருக்குக் குறைந்தது 10 ஆண்டுகள் ஊசி தொடர வேண்டும். அதற்குள் பிள்ளை பள்ளி மாறும், குடும்பம் பிழைப்பைத் தேடி வேறு மாநிலம் செல்லும், பெண்ணாயின் மணமாகிப் புகுந்த வீடு போவாள். எனவே பதிவு ஓர் ஆஸ்பத்திரியின் அலமாரியில் இராமல், அட்டையாக அவர்கள் கையிலேயே செல்லுதல் வேண்டும். அவ்வட்டையை எந்த ஊர்ச் சுகாதார நிலையமும் மறுகேள்வியின்றி ஏற்றல் வேண்டும்.