ஆபரேஷன் முடிந்தது... வைத்தியம் முடியவில்லை!

"டாக்டர் அய்யா, பிள்ளைக்கு முட்டு ஜவ்வுல ஆபரேசன் பண்ணி மூணு மாசம் ஆச்சு. வலி சுத்தமா இல்ல. நல்ல எண்ணெயா ஒண்ணு தந்தீங்கன்னா நீவி விட்டு, வார திங்கக்கிழமை கடலுக்கு அனுப்பிருவேன்."

புன்னக்காயலில் இருந்து மகனை அழைத்து வந்திருந்த ஒரு தாய் என்னிடம் கேட்டது இது. பொதிகையில் பிறந்த தாமிரபரணி கடலோடு கலக்கிற ஊர் புன்னக்காயல் என்பது உங்களுக்குத் தெரியும். பையனுக்கு இருபத்தாறு வயது. வள்ளத்தில் இருந்து கரைக்குக் குதித்தபோது கால் ஈர மணலில் புதைந்து நின்றுவிட்டது. உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். சாயங்காலத்துக்குள் முட்டு பந்து மாதிரி வீங்கிவிட்டது.

"கடலுக்கு இப்போ வேண்டாம்மா. எண்ணெயும் வேண்டாம்" என்றேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். சித்த வைத்தியர் எண்ணெய் தர மாட்டேன் என்றால் ஆச்சரியமாகத்தானே இருக்கும்? உங்களுக்கும் அப்படித் தோன்றலாம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன், எண்ணெயும் கஷாயமுமாக வாழ்கிறவன் ஏன் இப்படிச் சொல்கிறேன்? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எந்த ஜவ்வு?

'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று பொதுவாகச் சொல்கிறோம். முழங்காலில் முக்கியமான தசைநார்கள் நான்கு இருக்கின்றன. இரண்டு பக்கவாட்டில். இரண்டு மூட்டுக்கு நடுவே, ஒன்றை ஒன்று குறுக்கிட்டு சிலுவை போல. இவை போக, எலும்புகளுக்கு இடையே மெத்தை மாதிரி இரண்டு குருத்தெலும்பு வளையங்கள். இதில் எது கிழிந்தாலும் ஊரில் ஒரே பெயர்தான், ஜவ்வு!

குழப்பம் இங்கேதான் ஆரம்பம். உட்பக்கத்துப் பக்கவாட்டுத் தசைநார் கிழிந்தால், பெரும்பாலும் ஓய்வும் கட்டும் போதும், தானாகவே கூடிவிடும். முன் சிலுவைத் தசைநார் முழுசாக அறுந்தால் அப்படி நடப்பது அரிது. காயம் பட்ட இடத்தில் ரத்தம் உறைந்து பாலம் போட்டால்தான் இரண்டு முனையும் சேரும். மூட்டுக்குள் சுரக்கிற திரவம் அந்தப் பாலத்தைக் கட்ட விடுவதில்லை.

"எங்க மாமாவுக்கு கட்டுப்போட்டே சரியாயிட்டே" என்று சிலர் சொல்வது பொய்யல்ல. அவருக்குக் கிழிந்தது பக்கத்து ஜவ்வாக இருந்திருக்கும். இயற்கை கூட்டி வைத்தது. பெயரை வைத்தியர் வாங்கிக்கொண்டார். 'ஆபரேஷன் இல்லாமல் எந்த ஜவ்வையும் ஒட்ட வைக்கிறோம்' என்று சுவரில் எழுதி வைக்கிறவர்களைப் பார்த்தால், சித்த மருத்துவன் என்ற முறையில் எனக்குத்தான் முதலில் வெட்கமாக இருக்கிறது.

முன் சிலுவைத் தசைநார் அறுந்த எல்லோருக்கும் ஆபரேஷன் கட்டாயம் என்றும் இல்லை. நல்ல உடற்பயிற்சியோடு சமாளித்துவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் ஆடுகிற வள்ளத்தில் நின்று வலை இழுக்கிறவருக்கு முட்டு அடிக்கடி நழுவினால், மெத்தை வளையங்களும் தேய்ந்து போகும். அந்தப் பையனுக்கு ஆபரேஷன் செய்தது சரிதான்.

வலி போனால் குணமா?

இனிதான் முக்கியமான விஷயம்.

இந்த ஆபரேஷனில் அறுந்ததைத் தைப்பது வழக்கமில்லை. பெரும்பாலும் தொடையின் பின்பக்கத்தில் இருந்து ஒரு தசைநாணை எடுத்து, எலும்பில் துளை போட்டு, உள்ளே பொருத்துகிறார்கள். வைத்த அன்று அது பலமாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. உடம்பு அதைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ள வேண்டும். பழைய செல்கள் அழிந்து, புதிய ரத்தக் குழாய்கள் ஊடுருவி, புது நார்கள் உருவாக வேண்டும். வயலில் நாற்றைப் பிடுங்கி நட்டால் முதலில் வாடித்தானே பிறகு வேர் பிடிக்கிறது? அதே கதைதான்.

அது மிகவும் பலவீனமாக இருப்பது ஏறக்குறைய ஆறாவது வாரத்துக்கும் பன்னிரண்டாவது வாரத்துக்கும் இடையில். வலியும் வீக்கமும் குறைந்து, 'நமக்குச் சரியாகிவிட்டது' என்று மனசு சொல்வதும் அதே நேரத்தில்தான்! முழுசாக முதிர்ச்சி அடைய ஒன்று முதல் இரண்டு வருஷம்கூட ஆகலாம்.

நார்வே, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 106 பேரைப் பின்தொடர்ந்து 2016இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்பது மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப் போடும்போதும் மறுபடி காயம் படுகிற வாய்ப்பு சுமார் பாதியாகக் குறைந்தது. பாதி என்றால் சும்மாவா!

கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்து, 2023 ஜனவரியில் முழங்கால் தசைநார் ஆபரேஷன். மைதானத்துக்குத் திரும்பியது 2024 மார்ச்சில். கால்பந்து வீரர் நெய்மாருக்கு 2023 அக்டோபரில் முன் சிலுவைத் தசைநார் அறுந்தது. மறுபடி ஆட இறங்கியது 2024 அக்டோபரில். கோடி கோடியாகப் பணம், நிழல் மாதிரி கூடவே பயிற்சியாளர்கள்! அவர்களுக்கே ஒரு வருஷம் ஆகிறது. நம் பையனுக்கு மூன்று மாதம் போதுமா?

நான் செய்த தப்பு

அறிவுரை சொல்வது சுலபம். அதனால் என் தப்பையும் சொல்லிவிடுகிறேன்.

இருபது வருஷத்துக்கும் மேல் இருக்கும். முட்டில் ஆபரேஷன் ஆன ஒருவர் கெண்டைக்கால் வீக்கத்தோடு வந்தார். 'ரொம்ப நாள் படுத்திருந்ததால் வாய்வு தங்கியிருக்கு' என்று நினைத்து எண்ணெய் கொடுத்து, நீவச் சொன்னேன். மூன்றாம் நாள் அவருக்கு மூச்சுத் திணறல். காலில் உறைந்திருந்த ரத்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்தார்கள். எத்தனையோ ராத்திரி நான் தூங்கவில்லை.

சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் 32 வகை. அதில் தொக்கணமும் உண்டு, அறுவையும் உண்டு. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்த நம் முன்னோர், எதை எப்போது செய்யக்கூடாது என்பதையும் யோசித்துத்தான் வைத்திருப்பார்கள். நான்தான் அன்று யோசிக்கவில்லை.

ஆகவே குறித்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கெண்டைக்கால் வீங்கி வலித்தால் நீவவே கூடாது. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையல் சிவந்து நீர் வடிந்தாலோ, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வைத்தியர் வீட்டுக்கு அல்ல!

வீட்டில் என்ன செய்வது?

ஒவ்வொருவருக்கும் செய்த ஆபரேஷன் வேறு. மெத்தை வளையத்தையும் தைத்திருந்தால் கால் ஊன்றுவதற்கே தனிக் கணக்கு. ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்வதே சட்டம். பொதுவாகச் சில விஷயங்கள்:

முட்டுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். சுகமாக இருக்கும், ஆனால் முட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டு முழுசாக நீளும்படி படுங்கள். மடக்குவதைவிட நீட்டுவதுதான் முதல் வேலை.

தொடைத் தசையை இறுக்கி, முட்டைக் கட்டிலோடு அழுத்தி ஐந்து விநாடி பிடித்து விடுங்கள். பத்துப் பத்தாக, நாளைக்குப் பல தடவை. அந்தப் பையனின் தொடையை நாடா வைத்து அளந்தேன். மற்றக் காலைவிட மூன்று சென்டிமீட்டர் குறைவு. ஜவ்வைக் காப்பது தொடை. அதுவே வற்றிவிட்டால் முட்டுக்கு யார் காவல்?

வீக்கத்துக்கு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிஷம் வையுங்கள். முதல் வாரங்களில் சூட்டு ஒற்றடம் வேண்டாம்.

சம்மணம், குத்த வைப்பது, தரைக் கக்கூஸ் எல்லாம் டாக்டர் சொல்லும் வரை கூடாது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டால்கூடப் போதும். "பூசையில முழந்தாள் போட முடியலையே அய்யா" என்று பையன் வருத்தப்பட்டான். "நின்னுக்கிட்டே கும்பிடு தம்பி, ஆண்டவர் கணக்கில எழுத மாட்டார்" என்றேன்.

பீடியை விட்டுவிடுங்கள். புகை ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். புது நாணுக்கு வேண்டியதே ரத்த ஓட்டம்தான்.

மீன் குடுக்கலாமா?

அந்த அம்மா மூன்று மாதமாகப் பையனுக்கு மீன் கொடுக்கவில்லை! "புண்ணு சீழ் பிடிச்சிரும்னாங்க" என்றார். கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு ரசமும் சோறும்!

பத்தியம் என்பது சில மருந்துகளுக்கு நாங்கள் சொல்கிற கட்டுப்பாடு. ஆபரேஷன் செய்தவரைப் பட்டினி போடுவதற்குப் பெயர் பத்தியம் அல்ல. தசை வளரப் புரதம் வேண்டும். சாளை, நெத்திலி, முட்டை, பருப்பு, முருங்கைக்கீரை என்று தாராளமாகக் கொடுங்கள். ஏதாவது ஒரு மீன் உங்களுக்கு முன்பே ஒவ்வாமல் இருந்தால் அதை மட்டும் தவிருங்கள்.

பிரண்டைத் துவையல் சாப்பிடலாமா? தாராளமாக. நல்ல உணவு. ஆனால் பிரண்டை புது நாணைச் சீக்கிரம் வேர் பிடிக்க வைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு ஆதாரம் என்னிடம் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறவர்கள் கஷாயம், செந்தூரம், பற்பம் எதையும் இரண்டு டாக்டர்களிடமும் சொல்லாமல் தொடக்கூடாது.

எண்ணெய்க்கு இடமே இல்லையா? உண்டு. தையல் முழுசாக ஆறி, டாக்டர் சம்மதித்த பிறகு தொடைத் தசையில் லேசாகத் தடவலாம். இறுக்கம் தளரும், பயிற்சி செய்ய இதமாக இருக்கும். பயிற்சிக்குப் பதிலாக அல்ல, பயிற்சிக்குத் துணையாக!

யார் குற்றம்?

அந்தப் பையன் ஏன் பயிற்சியை விட்டான் தெரியுமா? நாலு தடவை போனான். பஸ்சுக்குக் காசு, ஒரு நாள் பொழுது, கூட வர அம்மாவுக்கும் ஒரு நாள். கையில் கொடுத்த சீட்டு இங்கிலீஷில். 'வீட்டிலேயே செய்' என்று ஒரு வரி. எதை, எத்தனை தடவை, எத்தனை மாதம் என்று தமிழில் சொல்ல ஆள் இல்லை. பெரிய செலவு பிடிக்கும் ஆபரேஷன் காப்பீட்டில் நடந்துவிடுகிறது. சின்னச் செலவு பிடிக்கும் பயிற்சி நின்று போகிறது. பையனைக் குறை சொல்லி என்ன பயன்?

16ஆம் நூற்றாண்டிலேயே அண்டிரிக் அடிகளார் காலத்தில் ஆஸ்பத்திரி கண்ட ஊர் புன்னக்காயல். இன்றைக்கு முட்டுப் பயிற்சிக்கு அந்த ஊர்க்காரர் நகரத்துக்கு அலைய வேண்டுமா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிஸியோதெரபியும் சேர்க்கப்பட்டது. இதைப் பலர் கேட்பதே இல்லை. உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பல சுகாதார நிலையங்களில் சித்தப் பிரிவும் இருக்கிறது. சித்த மருத்துவரும் பிஸியோதெரபிஸ்டும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒரே நோயாளியைப் பற்றிப் பேசினால், எண்ணெய் கேட்டு வருகிறவருக்குப் பயிற்சியும் சேர்ந்து கிடைக்கும். கேட்க வேண்டியவர்கள் காதில் விழட்டும்.

இன்னொரு யோசனை. இந்த ஆபரேஷன் பெரும்பாலும் அவசரமல்ல. வீக்கம் வடிந்து, கால் நன்றாக நீளத் தொடங்கிய பிறகு செய்வதே வழக்கம். விசைப்படகில் போகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு, ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் தடைக்காலத்தின் ஆரம்பத்தில் வைத்துக்கொண்டால், முதல் இரண்டு மாதம் வருமானம் போகிற கவலை குறையும். அதற்காக மாதக்கணக்கில் முட்டு நழுவ நழுவ நடக்கவும் கூடாது.

அந்தப் பையனுக்கு இப்போது ஏழாவது மாதம். நாற்காலியில் உட்கார்ந்து வலை பின்னுகிறான். ஒற்றைக் காலில் நின்று பழகுகிறான். சைக்கிள் மிதிக்கிறான். தொடை ஏறக்குறைய சரிசமமாகிவிட்டது. ஒன்பது மாதம் முடிந்ததும் ஒற்றைக்காலில் தாண்டும் சோதனையும் தொடை பலமும் மற்றக் காலோடு 90 சதவிகிதமாவது ஒத்துப்போனால், டாக்டர் அனுமதியோடு வள்ளம் ஏறுவான்.

அதுவரை வீட்டுச் செலவுக்கு அவன் தங்கை நகரத்தில் ஒரு கடைக்கு வேலைக்குப் போகிறாள். அந்த அம்மாவுக்கு என்மேல் இன்னும் கொஞ்சம் வருத்தம்தான். "ஒரு எண்ணெய் தந்திருக்கலாம்லா" என்று போன தடவைகூடக் கேட்டார்.

கேட்கட்டும். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இப்படிப் படுத்திருந்தால், தைலம் தேடி அலையும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தொடையை இறுக்கச் சொல்லி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள்.