ஆய்ந்தெழுதிய மறைநூல்களை ஆதரிப்போம்

புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை பெற்றுச் செல்வது தமிழ்த் திருச்சபைகள் பலவற்றில் வேரூன்றிய வழக்கம். அவ்வட்டைகளில் பெரிதும் விரும்பப்படுவது எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம். நற்காலத்தை உறுதிகூறும் அதனை மனப்பாடமாய்ச் சொல்வோர் எண்ணிறந்தோர். அது யாருக்கு, எந்நிலையில் எழுதப்பட்டது என்று கேட்போர் மிகச் சிலர்.

எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்குத் தீர்க்கதரிசி விடுத்த மடலின் ஒரு பகுதி அது. அயல்மண்ணில் வீடு கட்டவும், தோட்டம் நடவும், தங்களைச் சிறைவைத்த நகரின் நலனுக்காகவே மன்றாடவும் அம்மடல் பணிக்கிறது. மீட்புக்கு 70 ஆண்டு செல்லும் என்று முந்திய வசனமே அறிவிக்கிறது. மடலைச் செவியுற்ற முதியோர் பலர் தாயகத்தைக் காணாமலே கண்மூடியிருப்பர். இரண்டே ஆண்டில் எல்லாம் சீர்ப்படும் என்று முழங்கிய அனனியாவின் பொய்யுரையை 28ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. அத்தகையோருக்குச் செவிகொடாதிருக்குமாறு இம்மடலும் எச்சரிக்கிறது. இவையனைத்தையும் அறிந்து அவ்வசனத்தைப் பற்றிக்கொள்பவரின் நம்பிக்கை, கேட்டது கிட்டாத காலத்திலும் குலையாது. அந்த அறிவை நமக்கு அளிப்பது நல்ல விளக்கவுரை. அதன் அருமையை நாம் இன்னும் போதிய அளவு உணரவில்லை.

இத்தனைக்கும், மறைநூலுக்காக உழைத்தோரின் கொடைவழி நமக்கு நெடியது. 1578இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ ஒரு கிறித்தவ வேத வினாவிடைச் சிறுநூல். 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்க், 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711இல் முடித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட எழுத்துகள் பெரியவையாய் இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கித் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715இல் அச்சுப்பணியை நிறைவேற்றினர். வேப்பேரியில் உழைத்த பெப்ரிசியஸ், 1772இல் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். அவர் மறைந்தது 1791இல். அவருடைய பழைய ஏற்பாடு முழுமையாய் அச்சில் வந்தது 1796இல். தம் உழைப்பின் நிறைவைக் காணாமலே அவர் போனார். அவருக்குப் பின் பாளையங்கோட்டையில் இரேனியஸ் உழைத்தார். இவர்தம் உழைப்பின்மேல் நின்றே பவர் ஐயர் தலைமையிலான குழு 1871இல் முழுத் திருப்புதலை வெளியிட்டது. அக்குழுவிற்குத் தமிழ்ப் புலமை தந்து துணைநின்ற முத்தையா பிள்ளையின் பெயரை இன்று எத்தனை பேர் அறிவர்?

முன்னோர் செய்த பணியை மதித்துப் படித்து, அதன் குறையைத் திருத்தி, அடுத்த தலைமுறையின் ஆய்வுக்கு அதனை விட்டுச் சென்றனர் இவர்கள். இந்த அடக்கமே நம்பத் தகுந்த நூலின் முதல் அடையாளம் எனக் கருதுகிறோம்.

இன்று வெளிவரும் நூல்களிலும் துண்டுநூல்களிலும் அவ்வடக்கம் காணாதவை பல. தாம் கண்ட கனவை மறையோடு சமமாக வைப்பவை உண்டு. உலக முடிவுக்கு நாள் குறிப்பவை உண்டு. காணிக்கையின் அளவையும் ஆசியின் அளவையும் கணக்கிட்டுக் காட்டுபவையும் உண்டு. துயருற்ற எளிய மக்கள் இவற்றை நம்பிப் பொருளும் இழந்து, ஈற்றில் விசுவாசமும் இழப்பது பெருங்கொடுமை. இதனைச் சொல்லத் தயங்குவது திருச்சபைக்கு அழகன்று.

நல்ல நூல் தன்னைச் சோதித்துப் பார்க்க இடங்கொடுக்கும். வசனத்தை அதன் அதிகாரத்தோடு காட்டும். மறை சொல்வது எது, ஆசிரியர் கருதுவது எது என்று பிரித்துரைக்கும். அறிஞர் மாறுபடும் இடத்தில் அம்மாறுபாட்டை மறைக்காது. பவுல் உரைத்ததையே அப்படியே ஏற்றுவிடாமல் நாள்தோறும் வேதவாக்கியங்களைப் புரட்டிச் சரிபார்த்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் நடபடிகள் மேன்மைப்படுத்திப் பேசுகிறது. அப்போஸ்தலனின் சொல்லே ஆய்வுக்கு உட்பட்டதெனில், நம் காலத்து நூலாசிரியர் எவர் அதற்கு விலக்கு?

ஆய்வுக்கு உதவும் கருவிகளும் உள. ஒத்தவாக்கியக் குறிப்புகள் ஒரு வசனத்தை மற்றொன்றோடு இணைக்கின்றன. நிலப்படங்கள் பவுலின் பயணங்களைக் கண்முன் நிறுத்துகின்றன. எபிரெயச் சொற்களுக்கும் கிரேக்கச் சொற்களுக்கும் எண்ணிட்டு 1890இல் ஸ்ட்ராங் வெளியிட்ட சொல்லடைவு, அம்மொழிகளைக் கல்லாதவரும் மூலச்சொல்லைத் தேடிச் செல்ல வழி திறந்தது. சிறையிலிருந்து, குளிர்காலம் நெருங்கும் வேளையில், மேலாடையோடு புத்தகங்களையும் தோற்சுருள்களையும் கொண்டுவரும்படி தீமோத்தேயுவைக் கேட்டவர் பவுல். ஆவியானவர் துணையிருக்க நூல் எதற்கு என்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நல்ல நூல் விலைபோகாவிடில் அடுத்த பதிப்பு காணாது. அதனை எழுதவல்லவரும் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவார். ஆகவே திருச்சபைகளுக்கு ஒன்று வேண்டுகிறோம். அசன விருந்துக்கும் அலங்காரத்துக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பகுதியைச் சபை நூலகத்துக்கு ஒதுக்குங்கள். போதகர்கள் தாம் படித்துத் தேர்ந்த நூல்களைப் பீடத்திலிருந்து பெயர் சொல்லிப் பரிந்துரைக்கட்டும். பதிப்பகத்தார் பதிப்பு தீர்ந்துபோன தமிழ் விளக்கவுரைகளைத் தேடி மீண்டும் அச்சிடட்டும். இப்பணியை வரும் ஆண்டிலேயே தொடங்குங்கள்.